ஒரு சந்தாவுக்குத்தான் காசு: எந்த அமெரிக்க கன்சர்வேட்டிவ் இதழை வாங்குவது?

எங்கள் வாசகர் வட்டத்தில் ஏழு பேர். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் உண்டியலில் போடுகிறோம். தேநீர், வடைச் செலவு போக ஆண்டு முடிவில் மிஞ்சுகிற பணத்தில் ஒரே ஒரு வெளிநாட்டு இதழுக்குச் சந்தா கட்டலாம். மூன்று ஆண்டுகளாக இடதுசாரி இதழ்களையே வாங்கினோம். ஏற்கெனவே நம்பியதையே நல்ல ஆங்கிலத்தில் திரும்பப் படித்ததில் கூட்டத்தில் சண்டை குறைந்து வடை மட்டும் கூடிவிட்டது. இந்த முறை எதிர்த்தரப்பு இதழ் ஒன்றை வாங்குவது என்று முடிவாயிற்று. எது என்று தேடிச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

கேள்விப்பட்டதும் என் தாய்மாமா முகத்தைச் சுளித்தார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பழைய பகுத்தறிவுக்காரர், உண்டியலில் மாதம் தவறாமல் காசு போடும் ஒரே உறுப்பினர். "பழமைவாதிகளின் பத்திரிகைக்கு அமெரிக்கா வரைக்கும் எதற்குப் போகிறாய் மாப்பிள்ளை? நம் தெருவில் இல்லாத பழமைவாதியா?" என்றார்.

சிக்கலே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. தமிழில் பழமைவாதி என்பது ஒரு வசவு. மகளைக் கல்லூரிக்கு அனுப்பாதவரும் பழமைவாதி, கணினி வேண்டாம் என்று இன்னும் சிட்டையில் கணக்கெழுதும் மளிகைக்கடைக்காரரும் பழமைவாதி. பிரிட்டனில் ஒரு கட்சி அதே சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு பெருமையாக ஓட்டுக் கேட்கிறது. "மரபு பேணுநர்" என்று எழுதிப் பார்த்தேன். அருங்காட்சியக ஊழியர்தான் நினைவுக்கு வந்தார். அதனால் கன்சர்வேட்டிவ் என்றே எழுதிவிடுகிறேன். சொல்லை ஒதுக்கினாலும் கேள்வி விடுகிறதா? எதைப் பேணினால் ஒருவர் கன்சர்வேட்டிவ்? இதற்கு ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பத்திரிகை வாங்க முடியாது என்பது தேடத் தொடங்கிய ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. ஏனென்றால் இந்த இதழ்கள் ஒன்றையொன்று பார்த்து, "அது உண்மையான கன்சர்வேட்டிவ் இல்லை" என்றே திட்டிக்கொள்கின்றன.

என் அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எங்கள் கூட்டம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. திருவல்லிக்கேணியில் ஒரு மொட்டைமாடி அறையில் கூடுகிறோம். வாலாஜா சாலை நடக்கிற தூரம். அந்தச் சாலையின் பெயரில் இருப்பவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டியவர், கம்பெனிக்கார ஆங்கிலேயர்களிடம் கழுத்துவரை கடன்பட்டவர். பால் பென்ஃபீல்டு போன்ற ஆட்கள் கொள்ளை வட்டிக்குக் கொடுத்துவிட்டு நிலவரி வசூலை ஈடாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கடன்களை விசாரணையே இல்லாமல், நவாப் ஆண்ட கர்நாடகப் பகுதியின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, ஆற்காட்டைச் சுற்றிய நம் பகுதி) வருவாயிலிருந்து அடைப்பது என்று லண்டன் முடிவு செய்தபோது, 1785 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து அதைக் கிழித்தவர் எட்மண்ட் பர்க். கன்சர்வேட்டிவ்கள் எல்லோரும் தங்கள் பாட்டனாகக் கும்பிடுகிற அதே பர்க்தான்.

அவரைப் பற்றிப் பேசும்போது 1790இல் பிரெஞ்சுப் புரட்சிக்கு எதிராக எழுதிய நூலைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். நான் இந்த நவாப் பேச்சைக் காட்டுவேன். அதில் நம் ஏரிகள் வருகின்றன. இந்தியாவுக்கு வந்தே இராத அந்த மனிதர், கர்நாடகப் பகுதியிலும் தஞ்சாவூரிலுமாகப் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரம் ஏரிகளுக்குக் குறையாது என்று கணக்குச் சொல்கிறார். மண்ணும் கல்லும் சேர்ந்த கரை, கெட்டியான கட்டுமான மதகு, வயலுக்கு நீர் கொண்டுபோகும் வாய்க்கால், அதைத் தூர்வாரி மட்டம் பார்த்து வைப்பதற்கு ஆகும் செலவு வரை விவரிக்கிறார். இவற்றை வெட்டியவர்கள்தான் நிஜமான அரசர்கள், பிறக்காத தலைமுறையையும் தம் பிள்ளைகளாக எண்ணி உயில் எழுதிவைத்தவர்கள் என்கிறார். கடன்காரர்களுக்கு வருவாய் போய்விட்டால் கரையை யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவர் கவலை. அன்று அவர் தோற்றார்.

பிறகு பிரான்ஸ் பற்றி எழுதியபோது, மாறிக்கொள்ள வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழியில்லை என்றார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்கு ஒரு தமிழ்ச் சொல் கிடைக்கிறது: மராமத்து. ஏரியைப் பேணுவது என்றால் கரைமேல் உட்கார்ந்து பாட்டனாரைப் புகழ்வது அல்ல. ஆண்டுதோறும் வண்டல் எடுப்பது, மதகுப் பலகை மாற்றுவது, கலங்கல் வழிகிறதா என்று மழைக்கு முன் போய்ப் பார்ப்பது.

இதை மாமாவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். அப்படித் துடைத்தால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். "சரி. அந்த ஏரியில் இறங்கி வண்டல் எடுத்தவன் யார்? தண்ணீர் முதலில் பாய்ந்தது யார் வயலில்?" என்றார். "ஊர்கூடிச் செய்த குடிமராமத்து என்று எழுதுகிறார்கள். ஊர் என்றால் யார், சேரி என்றால் யார் என்பதையும் உன் பர்க் கணக்கெடுத்தாரா?"

இல்லை, எடுக்கவில்லை. ஆகவே இந்த இதழ்களுக்கு இரண்டு கேள்விகள் வைத்தேன். எந்த ஏரியைப் பேணச் சொல்கிறாய்? அதன் சுமை யார் தோளில் என்று எப்போதாவது பார்த்திருக்கிறாயா?

நேஷனல் ரிவ்யூவில் தொடங்குவதே முறை. 1955 நவம்பரில் முதல் இதழ் வந்தபோது அதைத் தொடங்கிய வில்லியம் பக்லிக்கு முப்பது வயது நிரம்பவில்லை. வரலாற்றுக்குக் குறுக்கே நின்று "நில்!" என்று கத்துவதே எங்கள் வேலை என்று முதல் இதழில் எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கூட்டிய கூட்டத்தைப் பார்த்தால், எதை நிறுத்துவது என்பதில் அவர்களுக்கே ஒற்றுமை கிடையாது. ஜேம்ஸ் பர்னம் முன்னாள் டிராட்ஸ்கியவாதி, ஃபிராங்க் மேயர் முன்னாள் கம்யூனிஸ்ட். சந்தைச் சுதந்திரம்தான் உயிர் என்றவர்களும், சந்தை குடும்பத்தையும் ஊரையும் கரைத்துவிடும் என்று அஞ்சியவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். 1953இல் பர்க்கிலிருந்து தொடங்கிக் கன்சர்வேட்டிவ் சிந்தனைக்கு வம்சாவளி எழுதிய ரஸ்ஸல் கிர்க் இதில் பத்தி எழுதினார். ஆனால் மேயரின் பெயர் இருக்கும் ஆசிரியர் பட்டியலில் தன் பெயர் வரக் கூடாது என்று மறுத்துவிட்டார். மிஷிகனில் ஒரு கிராமத்தில் வாழ்ந்த கிர்க்குக்கு மோட்டார் காரே ஆகாது. பழைய ஊர்களைச் சிதைக்க வந்த எந்திரப் புரட்சிக்காரன் என்பார் அதை. அவரையும் கார்த் தொழிற்சாலை முதலாளியையும் ஒரே கட்சியில் சேர்த்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் மேயர் செய்தார். சுதந்திரம் அரசின் வேலை, ஒழுக்கம் மனிதனின் வேலை, இரண்டுக்கும் பகையில்லை என்று ஒரு தத்துவமும் கட்டிக்கொடுத்தார். சந்தைக்காரர்களின் குருவான ஹயக், 1960இல் வந்த தம் நூலின் பின்னுரைக்கு "நான் ஏன் கன்சர்வேட்டிவ் இல்லை" என்றே தலைப்பு வைத்தது தனிக் கதை.

இந்தக் கலவை நமக்குப் புதிதும் அல்ல. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜிதான் 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி பெர்மிட், லைசென்ஸ் ராஜ்யத்தை எதிர்த்தார். குடிக்கிற கையை அரசு பிடிக்கலாம், தொழில் செய்கிற கையைப் பிடிக்கக் கூடாது. சென்னையிலிருந்து வந்த ஸ்வராஜ்யா இதழில் அவர் எழுதியவற்றைப் புரட்டினால் மேயரும் கிர்க்கும் ஒரே வேட்டிக்குள் சண்டையிடுவது போல இருக்கும்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். 1957 ஆகஸ்டில், கறுப்பர்களின் வாக்குரிமைக்கான சிவில் உரிமை மசோதா விவாதத்தில் இருந்தபோது, தென்மாநிலங்களில் வெள்ளையர்கள் சிறுபான்மையாக இருக்கும் இடங்களிலும் அவர்கள் கையே ஓங்கியிருக்கலாம், இப்போதைக்கு அவர்களே முன்னேறிய இனம் என்று நேஷனல் ரிவ்யூ தலையங்கம் எழுதியது. எதைப் பேணுகிறாய் என்ற கேள்விக்கு இதைவிட அசிங்கமான பதில் இல்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். பக்லியின் சொந்தத் தங்கை கணவர் பிரென்ட் போஸல் அதே இதழில் மறுப்பு எழுதினார். அரசியல் சாசனம் கறுப்பர்களுக்குக் கொடுத்த வாக்குரிமையை எப்படி மீறச் சொல்லலாம் என்று கேட்டார். இதழ் அதை அச்சிட்டது. 2004இல் பக்லியே, அந்த ஒடுக்குமுறை தானாகப் படிப்படியாக மாறிவிடும் என்று நம்பியது தவறு, மத்திய அரசு தலையிட்டது தேவைதான் என்று ஒப்புக்கொண்டார். நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயிற்று. "சேரிக்குத் தண்ணீர் வர அவ்வளவு நாள்தான் ஆகும்" என்றார் மாமா, சிரிக்காமல்.

இதழின் நல்ல பக்கம் இதுதான்: தன் பந்தியிலிருந்து ஆளை எழுப்பி அனுப்பவும் தெரியும். 1957 இறுதியில் அய்ன் ராண்டின் புதிய நாவலை விட்டகர் சேம்பர்ஸ் கிழித்த கிழி இன்னும் பேசப்படுகிறது. ஐசன்ஹோவரையே கம்யூனிஸ்ட் சதிகாரர் என்ற ஜான் பர்ச் சங்கத் தலைவரை 1962இல் பக்லி ஒதுக்கிவைத்தார். 2016 ஜனவரியில் 22 பேரிடம் எழுதி வாங்கி டிரம்ப்புக்கு எதிராக ஒரு சிறப்பிதழே போட்டார்கள். குடியரசுக் கட்சி அவர்களை வேட்பாளர் விவாத ஏற்பாட்டிலிருந்து விலக்கியது. வாசகர்களில் பெரும்பகுதி மறுபக்கம் போய்விட்டதுதான் வேடிக்கை. குறுக்கே நின்று கத்தினார்கள், வரலாறு நிற்கவில்லை. இப்போது அந்த இதழில் இரண்டு பக்கத்தாரும் எழுதுகிறார்கள். அமெரிக்க வலதுசாரி அரசியலே தெரியாதவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். எங்களுக்கு ஒரே தடை, அன்றாட அரசியல் நெடி அதிகம்.

தபால் என்ற ஒன்றை மறந்துவிடக் கூடாது. முன்பு வாங்கிய ஒரு வார இதழில் அதிபர் தேர்தலில் வெல்லப்போவது யார் என்ற அட்டைக் கட்டுரை, வென்றவர் பதவியேற்ற பிறகு எங்கள் கைக்கு வந்தது. நீலத் தபால்முத்திரை வேட்பாளரின் நெற்றியில் பொட்டு வைத்ததுபோல் விழுந்திருந்தது. இணையச் சந்தா மலிவு, உண்மைதான். ஆனால் ஏழு பேர் கைமாற்றிப் படித்து ஓரத்தில் பென்சிலால் திட்டுவதற்குத் தாள் வேண்டும். ஆகவே இரண்டு மாதம் தாமதமானாலும் புளிக்காத இதழ் எது என்பதும் எங்களுக்கு ஒரு நிபந்தனை. தி டிஸ்பாட்ச் இந்த இடத்திலேயே கழன்றுவிடுகிறது. 2019இல் ஜோனா கோல்ட்பர்க்கும் ஸ்டீவ் ஹேஸும் தொடங்கியது, நிதானமானது, ஆனால் இணையத்தில் மட்டும் வருவது.

அடுத்தது தி அமெரிக்கன் கன்சர்வேட்டிவ். 2002 இறுதியில், ஈராக் போருக்கு அமெரிக்கா கச்சை கட்டிக்கொண்டிருந்தபோது, அதை எதிர்ப்பதற்கென்றே பேட் புகானன், டாக்கி, ஸ்காட் மெக்கானல் மூவரும் தொடங்கினார்கள். வலதுசாரி என்றாலே போர்வெறி என்று நினைத்திருந்த எங்கள் வட்டத்துக்கு இது அதிர்ச்சி. அவர்கள் வாதம் கிர்க்கின் வாதம்: உள்ளூரைக் காப்பாற்ற முடியாதவன் பாக்தாத்தைத் திருத்தப் போவது எந்த வகைப் பேணல்? உலகம் முழுவதும் ஜனநாயகத்தை நட்டு வளர்ப்பது புரட்சிக்காரன் வேலை, கன்சர்வேட்டிவ் வேலை அல்ல. மறுபக்கத்தில் வீக்லி ஸ்டாண்டர்ட் நின்றது. 1995இல் பத்திரிகை முதலாளி முர்டாக்கின் பணத்தில் பில் கிறிஸ்டல் தொடங்கிய அந்த இதழ் போருக்கு முழுமூச்சாக வாதாடி, 2018 டிசம்பரில் மூடப்பட்டது. நேஷனல் ரிவ்யூவோ 2003இல் போர் தொடங்கிய வேளையில், எதிர்த்த கன்சர்வேட்டிவ்களை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று டேவிட் ஃபிரம் எழுதிய அட்டைக் கட்டுரையால் அடித்தது. மூன்று ஆண்டுக்குள் பக்லியே அந்தப் போர் தோற்றது என்று எழுத நேர்ந்தது.

இந்த இதழில் எனக்குப் பிடித்தது 2004 தேர்தல் இதழ். புஷ்ஷுக்குப் போடுங்கள் என்று புகானன், ஜனநாயகக் கட்சியின் கெர்ரிக்குப் போடுங்கள் என்று மெக்கானல், சுயேச்சை வேட்பாளர் நாடருக்கு என்று இன்னொருவர், யாருக்குமே போடாதீர்கள் என்று ஒருவர். ஒரே அட்டைக்குள் இப்படிச் சண்டையிடும் கட்சிச் சார்பு இதழை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. சிறு நகரங்கள், உள்ளூர்க் கடைகள், நடந்துபோகும்படியான தெருக்கள் என்று அவர்கள் எழுதுவதைப் படித்தால் திருவல்லிக்கேணிக்காரனுக்கும் மனம் இளகும்.

ஆனால் இரண்டாம் கேள்வியில் எனக்கு இடிக்கிறது. புகானன் பேண விரும்பிய அமெரிக்கா, குடியேறிகள் பெருகுவதற்கு முந்தைய அமெரிக்கா. நியூ ஜெர்சியில் எடிசனில் என் தங்கை குடும்பம் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறது. காலையில் பனியை வாரிக் கொட்டிவிட்டு மாலையில் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அழைத்துப்போகிறாள். அவள் அந்த ஏரிக்கு வண்டல் எடுப்பவளா, கரையை உடைக்க வந்தவளா? இதழில் எழுதும் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. சிலர் சொல்லும் பதிலை என் தங்கைக்கு முன்னால் உரக்கப் படிக்க என்னால் முடியாது.

கமென்டரியை நடைபாதையில்தான் முதலில் பார்த்தேன். பைகிராஃப்ட்ஸ் சாலைப் பழைய புத்தகக் குவியலில், எழுபதுகளின் பிரதி ஒன்று. அட்டையில் படமே இல்லை, கட்டுரைத் தலைப்புகளும் பெயர்களும் மட்டும், மூலையில் ஏதோ நூலகத்தின் ஊதா முத்திரை. 1945இல் அமெரிக்க யூதர் குழு ஒன்று தொடங்கிய இடதுசாரி, தாராளவாத இதழ் அது. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் இளைஞராக இருந்தபோது நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெம் பற்றி எழுதியது அதில்தான். நார்மன் போட்ஹோரெட்ஸ் ஆசிரியராக இருந்த காலத்தில் இதழ் மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்து திரும்பிய மொய்னிஹன் 1975இல் ஐ.நா.வில் அமெரிக்கா எப்படி எதிர்க்கட்சி போல நடக்க வேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டு ஐ.நா. தூதரானார். 1979இல் ஜீன் கிர்க்பாட்ரிக் சர்வாதிகாரிகளைப் பற்றி எழுதியதைப் படித்து ரேகன் அவரையும் ஐ.நா.வுக்கே அனுப்பினார். ஒரு மாத இதழ் இரண்டு தூதர்களைப் பெற்றது. வேறெந்தப் பத்திரிகைக்கும் இப்படி ஒரு பேறு வாய்த்ததாகத் தெரியவில்லை. எழுத்துத் தரம் உயர்வு. ஆனால் இஸ்ரேலும் அமெரிக்க வல்லமையும்தான் அதன் இரு கண்கள். அந்தக் கண்களால் மட்டும் ஓர் ஆண்டு முழுக்க உலகத்தைப் பார்க்க எங்கள் வட்டம் தயாரில்லை. பழைய பிரதிகள் நடைபாதையில் கிடைத்தால் விடாதீர்கள்.

கிளேர்மான்ட் ரிவ்யூ ஆஃப் புக்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலாண்டிதழ், நீண்ட நூல் மதிப்புரைகள், தபால் தாமதம் பாதிக்காது. பர்க்கின் வழி இங்கிலாந்துக்குச் சரி, அமெரிக்கா வழக்கத்தால் வளர்ந்த நாடு அல்ல, 1776இல் எழுதிய ஒரு கொள்கையால் பிறந்த நாடு. அந்தக் கொள்கையைப் பேணுவதுதான் கன்சர்வேட்டிசம் என்பது இவர்கள் கட்சி. அரசியல் தத்துவப் பேராசிரியர் ஹாரி ஜாஃபாவின் மாணவர் பரம்பரை. மனிதர் எல்லோரும் சமம் என்ற வாக்கியத்தை மையத்தில் வைப்பதால் 1957 தலையங்கம் போன்ற ஒன்றை இவர்களால் எழுத முடியாது, அது நல்லதுதான். ஆனால் 2016 செப்டம்பரில், கடத்தல்காரர்களிடம் சிக்கிய விமானம் போல நாடு இருக்கிறது, விமானி அறைக்குள் பாயாவிட்டால் சாவுதான் என்று தேர்தலைப் பற்றி ஒரு கட்டுரையை இணையத்தில் வெளியிட்டார்கள். புனைபெயரில் எழுதியவர் மைக்கேல் ஆன்டன். அடுத்த ஆண்டு வெள்ளை மாளிகையில் வேலையில் சேர்ந்தார். நெருக்கடி வந்தால் பொறுமை தப்பு என்பது அவர்கள் வாதம். கரை உடைகிறது என்று கூவிக்கொண்டே மதகைப் பெயர்த்து எடுப்பவரை என்னால் மராமத்துக்காரராக ஏற்க முடியவில்லை.

இனி மாமாவை வளைத்துப்போட்ட இதழ்: ஃபர்ஸ்ட் திங்ஸ். 1990இல் ரிச்சர்ட் ஜான் நியூஹாஸ் தொடங்கியது. லூத்தரன் போதகராக இருந்து கத்தோலிக்கப் பாதிரியாரானவர், சிவில் உரிமை இயக்கத்தில் நடந்தவர். மதமும் பொதுவாழ்வும் பற்றிய மாத இதழ். 1996இல், நீதிமன்றங்கள் இப்படியே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போனால் மனச்சாட்சியுள்ள குடிமகன் இந்த அமைப்புக்கு இன்னும் கட்டுப்பட வேண்டுமா என்று ஒரு விவாதத் தொடர் போட்டார்கள். ஆசிரியர் குழுவில் இருந்த கெர்ட்ரூட் ஹிம்மல்ஃபார்பும் பீட்டர் பெர்கரும் இதென்ன புரட்சிப் பேச்சு என்று விலகினார்கள்.

2019 மே மாதச் சண்டை அதைவிடக் கூர்மையானது. சாக்ரமென்டோவில் ஒரு பொதுநூலகத்தில் பெண்வேடக் கலைஞர்கள் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சி அறிவிப்பைக் கண்ட சோராப் அஹ்மாரி, நேஷனல் ரிவ்யூவின் டேவிட் ஃபிரெஞ்சைப் பெயர் சொல்லித் தாக்கி எழுதினார். தெஹ்ரானில் பிறந்து கத்தோலிக்கரானவர் அஹ்மாரி. ஃபிரெஞ்ச் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர், வழக்கறிஞர், ஈராக்கில் பணியாற்றியவர். பண்பாட்டுப் போரில் மரியாதை பார்த்தால் தோற்போம், வென்று பொதுவெளியைப் பொதுநன்மைக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டும் என்றார் அஹ்மாரி. அந்த நிகழ்ச்சிக்கு நூலக அறை கொடுக்கும் அதே நடுநிலைச் சட்டம்தான் என் சபைக்குப் பள்ளிக்கூட அறையைக் கொடுக்கிறது, அதை உடைத்தால் நாளை நமக்கும் இடமில்லை என்றார் ஃபிரெஞ்ச்.

இந்த விவாதத்தை வாசித்த அன்று கூட்டம் இரவு பத்தரை வரை நடந்தது. ஊர்ப் பொதுமண்டபத்தை வாடகை கட்டும் எல்லோருக்கும் விடுவதா, ஊருக்கு நல்லது எது என்று முடிவு செய்து அதற்கு மட்டும் விடுவதா? முடிவு செய்கிற "ஊர்" யார்? பேணப்பட வேண்டியது மண்டபமா, மண்டபத்தின் விதியா, அதில் நடக்கும் பூசையா? நாங்கள் கடவுளைப் பற்றிப் பேசாமலே மூன்று அணியானோம். மாமா பரவசத்தில் இருந்தார். "மாப்பிள்ளை, சண்டை என்றால் சில்லறை ஆட்களோடு எதற்கு? இதில் நேராகச் சாமியோடே போடலாம்" என்றார். நாத்திகர் ஒருவர் ஃபர்ஸ்ட் திங்ஸ் வேண்டும் என்று அடம்பிடித்ததை நியூஹாஸ் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

நான் பரிந்துரைத்தது வேறு. நேஷனல் அஃபேர்ஸ். பெயரே தூக்கம் வரவழைக்கும். இதற்கு மூதாதை, 1965இல் டேனியல் பெல்லும் இர்விங் கிறிஸ்டலும் தொடங்கி 2005 வரை நடந்த தி பப்ளிக் இன்ட்ரஸ்ட். வியட்நாம் போரில் ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு. அதனால் வெளியுறவு பற்றி எழுதுவதே இல்லை என்று முடிவெடுத்து உள்நாட்டு வேலையைப் பார்த்தார்கள். நல்ல எண்ணத்தில் போட்ட திட்டம் ஏன் நினைக்காத விளைவைத் தந்தது என்பதே அவர்கள் தொழில். 2009இல் யுவால் லெவின் அந்த வழியைக் காலாண்டிதழாக மறுபடி தொடங்கினார். புஷ் காலத்து வெள்ளை மாளிகையில் வேலை செய்தவர். பர்க்கையும், பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்து அவருக்கு மறுப்பு எழுதிய தாமஸ் பெயினையும் ஒப்பிட்டு 2013இல் நூல் எழுதியவர். கல்வி, மருத்துவச் செலவு, ஓய்வூதியம், நாடாளுமன்றம் ஏன் தன் வேலையைச் செய்வதில்லை என்பன போன்றவற்றை நீளமாக, சத்தமில்லாமல் எழுதுகிறார்கள். எந்த மதகு எங்கே அடைத்திருக்கிறது, எவ்வளவு செலவாகும் என்ற எழுத்து.

குறையையும் சொல்லிவிட்டேன். பாதிக் கட்டுரைகள் அமெரிக்கக் குழாய் வேலை; மூத்தோர் மருத்துவக் காப்பீட்டுக் கணக்கு நமக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. அட்டைக்கு அழகும் இல்லை. வண்டல் எடுப்பவனின் சாதியை இதுவும் தானாக முன்வந்து கேட்பதில்லை. ஆனால் திட்டத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் இருப்பதால், அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சொல்லும் இடத்திலாவது நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதால் தபால்காரர் எவ்வளவு தாமதித்தாலும் கவலையில்லை.

வாக்கெடுப்பில் நேஷனல் அஃபேர்ஸுக்கு நான்கு, ஃபர்ஸ்ட் திங்ஸுக்கு மூன்று. "தூர்வாருவதைப் பற்றிப் படிக்க டாலரில் காசு கட்டுகிற ஒரே ஊர் நம் ஊர்தான்" என்று மாமா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் பணம் கட்டினேன். கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆண்டு முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்து முதலில் அதை எடுத்துவிடுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறோர் இதழில் அதைக் கவனிக்காமல் விட்டு, என் சொந்தக் கார்டிலிருந்து ஒரு முழு ஆண்டுக்கான பணம் போய்விட்டது. உண்டியல் கணக்கில் அதை மாமா இன்னும் வரவு வைக்கவில்லை. அடுத்த ஆண்டு இதழைத் தேர்ந்தெடுப்பது அவர் முறை.